மாயாவி, டெக்ஸோடு நின்றுபோனவன் நான்: அடுத்து எந்தத் தொடரைத் தொடங்கலாம்?

#1 பரண்வாசி (கோவை)

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன். முதல் தடவையாக எழுதுகிறேன்.

போன மாதம் வீடு மாறினோம். பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தால் பாதி காமிக்ஸ், பாதி கரையான். இரும்புக்கை மாயாவிக்குக் கை மட்டும்தான் மிச்சம், மற்றதையெல்லாம் கரையான் தின்றிருந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்து கை மட்டும் தெரியும் என்பதுதானே கதை, கரையானும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறது போல. பிழைத்ததை வெயிலில் காயவைத்தபோது மகள் (ஆறாம் வகுப்பு) வந்து புரட்டிப் பார்த்தாள். "இதுல ஏன்ப்பா கலரே இல்ல?" என்று கேட்டாள். பதில் சொல்லலாம் என்று ஒன்றை எடுத்தவன், பொழுது சாயும்வரை மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சூட்டோடு கடைக்குப் போய் ஒரு சூப்பர்ஹீரோ புத்தகம் வாங்கினேன். கடைக்காரப் பையன் "இது செம ஹிட் சார்" என்றான். இருபது பக்கம் தாண்டவில்லை. யார் யாருக்கு அண்ணன், யார் ஏற்கெனவே செத்தவர், யார் வேறு உலகத்திலிருந்து வந்தவர் என்று ஒன்றும் பிடிபடவில்லை. கட்டத்தின் ஓரத்தில் குட்டி எழுத்தில் "இதை அறிய முந்தைய இதழைப் பார்க்க" என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்கு இது சிலபஸ் மாதிரி இருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பழையதைத் திரும்பப் படிக்க வழி தெரியும். எனக்கு வேண்டியது புதிது. முன்கதை தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து நுழைய முடிய வேண்டும். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு அல்ல. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் வீட்டில் விசாரணை கமிஷன். மகளுக்கும் ஒன்று சொன்னால் நல்லது.

#2 குருவிரொட்டி

புதிது எதற்கு அண்ணே? நம் கௌபாய் டெக்ஸ் 1948-லிருந்து ஓடுகிறார், அவரையே இன்னும் முடிக்கவில்லை நாம். வருகிற ஜனவரி புத்தகக் கண்காட்சியில் லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டாலுக்கு வாங்க, பேசிக்கலாம்.

#3 ஒன்பதாம்பக்கம்

குருவி, அவர் கேட்டது புதிது. டெக்ஸ் எங்கேயும் ஓடிவிட மாட்டார்.

பரண்வாசி சார், உங்கள் மகளின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் வளர்ந்த கண் உங்களுடையது. சாணித்தாளில் மை லேசாகப் பரவியிருந்தாலும் எது நிழல், எது தாடி என்று தெரிந்து படித்தவர்கள் நாம். இன்றைய பிள்ளைகள் ஜப்பான் காமிக்ஸான மங்காவுக்குள் நுழையும்போது முதலில் முட்டிக்கொள்வது அங்கேதான். உங்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் தயங்காமல் ஜப்பான் பக்கம் வாருங்கள்.

என் பரிந்துரை 'புளூட்டோ'. நாவோகி உரசாவா 2003-லிருந்து 2009 வரை வரைந்தது. மொத்தம் 8 தொகுதி, கதை முழுசாக முடிந்துவிட்டது. உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த ஏழு ரோபோக்களை யாரோ ஒவ்வொன்றாகக் கொல்கிறார்கள். கெசிக்ட் என்ற துப்பறிவாளர் விசாரிக்கிறார், அவரும் ஒரு ரோபோ, அந்த ஏழில் ஒருவர். கதையின் விதை ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரில் 1964-இல் தொடங்கிய ஓர் அத்தியாயம். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட சண்டைக் கதையை உரசாவா எடுத்துப் பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாக்கியிருக்கிறார்.

முதல் தொகுதியிலேயே ஒரு பகுதி வரும். ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டை. அங்கே பார்வையிழந்த கிழட்டு இசையமைப்பாளர் ஒருவர். ஊரில் ஒருவரிடமும் ஒத்துப்போகாதவர். வேலைக்கு ஒரு ரோபோ வந்து சேர்கிறது. கழுத்திலிருந்து தரைவரை நீண்ட அங்கி. உள்ளே உடம்பு முழுக்க ஆயுதம், ஏனென்றால் அது போரில் எக்கச்சக்கமான ரோபோக்களை அழித்துவிட்டு வந்தது. அதற்கு இப்போது ஒரே ஆசைதான், பியானோ வாசிக்கக் கற்க வேண்டும். கிழவருக்கோ இயந்திர இசை என்றால் எரிச்சல், கிட்டே வராதே என்று துரத்துகிறார். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதி முடியும் இடத்தில் வானத்தைக் காட்டும் சில கட்டங்கள் உண்டு. வசனம் மிகக் குறைவு. ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன், எதிரே இருந்த அம்மா "என்ன தம்பி, ஊர்ல ஏதும் கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

#4 தபால்பெட்டி

புளூட்டோ நல்ல தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் 'ஆஸ்ட்ரோ பாய்' தெரியாமல் படித்தால் பாதி ருசி போய்விடும் என்பது என் கட்சி. அந்தப் பையன் வந்து நிற்கும் இடத்தில் ஜப்பான்காரன் சிலிர்ப்பான், நாம் "யார் இது?" என்போம்.

ஐயா கௌபாய் டைகரின் ரசிகராக இருந்தால் நேரே போக வேண்டிய இடம் 'அண்டர்டேக்கர்'. பிரெஞ்சு கௌபாய் தொடர், முதல் ஆல்பம் 2015. எழுதியவர் ஸாவியே டோரிஸோன், வரைந்தவர் ரால்ஃப் மெயேர். நாயகன் ஜோனஸ் க்ரோ, பிணம் அடக்கம் செய்கிறவன். சவப்பெட்டி வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான், கூடவே ஒரு வளர்ப்புப் பிணந்தின்னிக் கழுகு. சுரங்க முதலாளி ஒருவர் சாகப் போகிறார். தன் தங்கத்தை யாருக்கும் விட்டுப்போக மனசு வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? மொத்தத்தையும் விழுங்கிவிட்டுச் செத்தார். என்னை என் சுரங்கத்திலேயே புதைத்துவிடு என்று உத்தரவு வேறு. விஷயம் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. இவர்கள் ரத்தம் சிந்தித் தோண்டிய தங்கம் பிணத்தின் வயிற்றில் போகிறது, சும்மா விடுவார்களா? வண்டியைத் துரத்துகிறார்கள். டைகரின் 'தங்கக் கல்லறை' படித்துவிட்டு ராத்திரி தூங்காதவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இரண்டு ஆல்பத்துக்கு ஒரு கதை. நம் இரண்டு பாகக் கணக்கு அப்படியே பொருந்தும்.

#5 ஒன்பதாம்பக்கம்

தபால்பெட்டி, நான் 'ஆஸ்ட்ரோ பாய்' ஒரு பக்கம்கூடப் படிக்காமல்தான் புளூட்டோவைப் படித்தேன். அந்த ரயில் அழுகையும் அதன் பிறகுதான். உங்கள் வாதம் ரயிலிலேயே தோற்றுவிட்டது.

#6 தபால்பெட்டி

எதிரே இருந்த அம்மாவைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

#7 பரண்வாசி (கோவை)

தங்கத்தை விழுங்கிய மனுஷன் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

சந்தேகம் ஒன்று. மங்காவைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்கிறார்களே, 46 வயதில் அது பழகுமா?

#8 மையுறிஞ்சி

பழகும் அண்ணே. முதுகு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி புத்தகத்தைப் பிடியுங்கள். மேல் வலது மூலையில் தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்து கீழே இறங்குங்கள். பேச்சுக்குமிழும் அதே வரிசைதான். முதல் பத்துப் பக்கம் பதிலுக்கு அப்புறம் கேள்வியைப் படிப்பீர்கள். பதினோராவது பக்கத்தில் சரியாகிவிடும். ஒரு காலத்தில் ஆங்கிலப் பதிப்பாளர்கள் படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சிட்டார்கள். வாள்வீரன் எல்லாம் இடதுகைக்காரன் ஆகிப்போனான். அந்தக் கொடுமைக்கு இது எவ்வளவோ மேல்.

காசு விஷயம். மங்கா தொகுதி ஒன்று நானூறு, ஐந்நூறு ரூபாய் வரும். மாதம் இரண்டு வாங்கினால் புளூட்டோ நான்கு மாதத்தில் முடியும். கிட்டத்தட்ட நம் பழைய சந்தா மாதிரிதான். ஒரே மூச்சில் எட்டையும் வாங்கி அடுக்கினால் இரண்டு நாளில் விழுங்கிவிட்டு மூன்றாவது நாள் வெறிச்சென்று உட்கார்ந்திருப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பங்குக்கு 'பிளாக்ஸாட்'. 1950-களின் அமெரிக்கா, கறுப்புப் பூனை ஒன்று தனியார் துப்பறிவாளர். சிரிக்காதீர்கள். ஆட்கள் எல்லோரும் மிருக முகத்தோடு வருவார்கள், கதையோ கொலை, அரசியல், நிறவெறி. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்தான் போலீஸ் கமிஷனர். முகத்தைப் பார்த்த கணமே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அறிமுக வசனமே தேவைப்படாது. இரண்டாம் ஆல்பத்தில் வெள்ளை மயிர் கொண்ட மிருகங்கள் மட்டும் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருக்கும். எதைப் பற்றிய கதை என்று நான் விளக்க வேண்டாம். வரைந்த குவார்னிதோ பாரிஸில் டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஸ்பெயின்காரர். எழுதியவர் டியாஸ் கனாலெஸ், அவரும் ஸ்பெயின்காரர்தான். தண்ணீர்வண்ணம். மழை ஈரத்தில் தெருவிளக்கு தெரிகிற ஒரு பக்கத்தை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 2000-இல் தொடங்கி 2023 வரை மொத்தமே 7 ஆல்பம். மனுஷன் அவசரப்படுகிற ஆளே இல்லை.

#9 கரும்பலகை டீச்சர்

மகளுக்கு என்று கேட்டிருந்தீர்களே, எல்லோரும் பெரியவர்கள் புத்தகத்திலேயே நிற்கிறீர்கள். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வகுப்பு அலமாரியில் என் சொந்தக் காசில் வாங்கிய காமிக்ஸ் வரிசை ஒன்று வைத்திருக்கிறேன். அதில் முதுகு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் கிழிந்திருக்கிற புத்தகம் ஒன்றே ஒன்றுதான்: ஜெஃப் ஸ்மித்தின் 'போன்'.

1991-இல் தொடங்கி 2004-இல் முடித்தார். மொத்தம் 55 இதழ், 1300 பக்கத்துக்கு மேல், ஒரே கதை. வெள்ளை வெளேரென்று எலும்புத் துண்டு மாதிரி மூன்று பேர், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வழிதெரியாமல் ஒரு பள்ளத்தாக்கில் வந்து விழுகிறார்கள். தொடக்கத்தில் வெறும் சிரிப்புக் கதை போலிருக்கும். போகப் போக டிராகன், பழைய சாபம், போர் என்று இருள் சூழும். பிள்ளைகள் தாங்களே வளர்வது போலக் கதையும் கூடவே வளரும்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற ஒரு காட்சி. குளிர்காலம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் பனி வருகிறது. தூறலாக இல்லை, மூட்டையைக் கவிழ்த்தது போல மொத்தமாக, ஒரே பொத்து. அவ்வளவுதான், குளிர்காலம். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் எதற்கெடுத்தாலும் "பொத்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதலில் கறுப்பு வெள்ளையில் வந்தது, 2005-லிருந்து வண்ணப் பதிப்பும் இருக்கிறது. மகளுக்கு வண்ணம் வாங்குங்கள், நீங்கள் கறுப்பு வெள்ளையை எட்டிப் பாருங்கள். கோட்டின் அழகு அதில்தான் தெரியும்.

இன்னொன்று, 'யோட்சுபா'. ஐந்து வயதுக் குழந்தை ஒரு புது ஊருக்கு வருகிறாள். ஒருநாள் சில்வண்டு பிடிக்கிறாள், ஒருநாள் மழையில் நனைகிறாள். கதை என்று ஒன்றும் கிடையாது. படித்து முடித்ததும் நம் வீட்டு வாசலையே கொஞ்ச நேரம் புதிதாகப் பார்ப்போம்.

#10 அடுப்பங்கரை மாயாவி

டீச்சரம்மா, 'டெலிஷியஸ் இன் டன்ஜன்' சொல்லலாமா? ரியோகோ குயி வரைந்தது, 14 தொகுதி, 2023-இல் முடிந்தது. தங்கையை டிராகன் விழுங்கிவிட்டது, ஜீரணமாவதற்குள் காப்பாற்ற வேண்டும். கையில் சாப்பாட்டுக்குக் காசில்லை. சரி, வழியில் எதிர்ப்படுகிற ராட்சசப் பிராணிகளையே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம் என்று கிளம்புகிறார்கள். முதல் சமையல் ராட்சசத் தேளும் நடக்கிற காளானும் போட்ட குழம்பு. வழவழவென்றிருக்கும் ஜந்துவைக் காயவைத்து நூடுல்ஸ் மாதிரி போடுகிறார்கள். எங்கள் அம்மா வடகம் காயவைத்தது ஞாபகம் வந்தது. எந்தப் பகுதியைக் கழிக்க வேண்டும், எதை முதலில் வேகவைக்க வேண்டும் என்று பக்குவம் அத்தனை சரியாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது பசிக்கும், அதுதான் பயமாக இருக்கும்.

#11 கரும்பலகை டீச்சர்

நல்ல தொடர், ஆனால் பின்பாதியில் ரத்தம் அதிகம். ஆறாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். அப்பா இப்போதே படிக்கலாம்.

#12 ஸ்கார்பரோக் குளிர்

பரண்வாசி அண்ணை, கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பனி டீச்சர் சொன்ன மாதிரித்தான் விழும், பொத்தென்று.

எனக்கு மங்கா, பிரெஞ்சு இரண்டும் விருப்பம். ஆனால் உங்களைப் போல ஒவ்வொரு மாதமும் ஒரு முழுக்கதை வாசித்துப் பழகிய ஆளுக்கு 'உசாகி யோஜிம்போ'வை விடப் பொருத்தமானது இல்லை என்று நினைக்கிறேன். ஸ்டான் சகாய் 1984-இல் தொடங்கியது, நாற்பது வருசமாக எழுத்து, படம், பேச்சுக்குமிழ் எழுத்துகூட அவரே கையால். நாயகன் முயல். எசமான் இல்லாத சாமுராய். இரண்டு நீளக் காதையும் மேலே தூக்கிக் குடுமி மாதிரிக் கட்டியிருப்பார். ஊர் ஊராக நடப்பார், ஒரு ஊரில் ஒரு பிரச்சினை, வாளை உருவுவார், கிளம்பிப் போய்விடுவார். டெக்ஸ் குதிரையை விட்டு இறங்கி நடந்தால் இப்படித்தான் இருப்பார்.

யாராவது செத்தால் அந்த உடலுக்கு மேலே சின்னக் குமிழில் ஒரு மண்டையோடு வரும். முதலில் பார்க்கச் சிரிப்பு வரும். நூறு பேர் சாகிற போர்க்கதையில் பக்கம் முழுக்க அந்த மண்டையோடுகள் மிதக்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு கதை பட்டம் செய்கிற கிழவரைப் பற்றியது. மூங்கில் சீவுவது, காகிதம் ஒட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் பக்கம் பக்கமாகக் காட்டுவார். நான் பட்டம் ஏற்றி வளர்ந்த ஊர்க்காரன். தைப்பொங்கல் நேரம் விண் பூட்டிய பட்டம் இரவு முழுக்க வானத்தில் கூவிக்கொண்டு நிற்கும். அந்தக் கதையை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. இங்கே நூலகத்தில் எடுத்த புத்தகம், திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன், பிறகு காசு கொடுத்தே வாங்கிவிட்டேன்.

எந்தத் தொகுதியில் இருந்தும் தொடங்கலாம். சிலபஸ் இல்லை.

#13 நள்ளிரவு 54

எல்லோரும் முடிந்த தொடர், பழைய தொடர் என்றே போகிறீர்கள். அவர் கேட்டது "புதிது".

சூப்பர்ஹீரோக்களை அடியோடு ஒதுக்க வேண்டாம் சார். கடைக்காரப் பையன் கொடுத்த புத்தகம்தான் தவறு. 2024 அக்டோபரில் 'அப்சல்யூட் பேட்மேன்' புதிதாகத் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிராகோட்டா படம். எண்பது வருடப் பழங்கதையை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். இந்த பேட்மேனுக்கு மாளிகை இல்லை, பட்லர் சேவகம் இல்லை, பணமே இல்லை. சிவில் இன்ஜினியர், எருமை மாதிரி உடம்பு. அம்மா உயிரோடு இருக்கிறார். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி. அதே 2024 ஜனவரியில் புது 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' வந்தது. அதில் பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பிறந்து, முப்பதைத் தாண்டிய பிறகுதான் சிலந்தி கடிக்கிறது. ராத்திரி வெளியே போக மனைவியிடம் காரணம் சொல்ல வேண்டிய ஸ்பைடர்மேன். விசாரணை கமிஷன் விஷயத்தில் உங்களுக்கு நல்ல துணை.

இதெல்லாம் பிடிக்காவிட்டால் 'சாகா'. பிரையன் கே. வான், ஃபியோனா ஸ்டேபிள்ஸ். தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடும் இரண்டு இனத்தில் ஆளுக்கு ஒருவர் காதலித்து ஓடிவருகிறார்கள், குழந்தை பிறக்கிறது, இரண்டு பக்கத்துப் படையும் துரத்துகிறது. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு சொல்கிற கதை. பொய் சொன்னால் "பொய்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் பெரிய பூனை ஒன்று உண்டு. மகள் கண்ணில் மட்டும் படாமல் வையுங்கள், பெரியவர்கள் சமாசாரம் நிறைய.

#14 தபால்பெட்டி

சாகாவை ஒரு புதியவருக்குச் சொல்வது பாவம். 2018-இல் 54-ஆம் இதழில் நெஞ்சில் மிதித்துவிட்டு நிறுத்தினார்கள். அடுத்தது 2022 ஜனவரியில்தான். மூன்றரை வருடம்! இன்னும் முடியவில்லை. உங்கள் பெயரில் இருக்கும் 54 அதுதானே?

#15 நள்ளிரவு 54

அதேதான். அந்தக் காயத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறேன்.

ஆனால் காத்திருப்பைப் பற்றி நீங்கள் பேசலாமா அண்ணே? 'இரத்தப் படலம்' எண்பதுகளில் தமிழில் தொடங்கியது. ஞாபகம் இழந்த ஒருவன், கழுத்தெலும்பருகே XIII என்று பச்சை. அவன் யார் என்று தெரிந்துகொள்ள எத்தனை வருடம் காத்திருந்தோம்? 2010-இல் 18 பாகத்தையும் ஒரே தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தபோது என் மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றரை வருடம் எல்லாம் நமக்கு டீ பிரேக்.

#16 மையுறிஞ்சி

குறுக்கே ஒரு தகவல். XIII-இன் (அதுதான் இரத்தப் படலம்) பதினெட்டாம் ஆல்பத்தை வழக்கமான வில்லியம் வான்ஸ் வரையவில்லை. வரைந்தவர் ழான் ஜிரோ. டைகரை வரைந்த அதே கை. மோபியஸ் என்ற பெயரில் விண்வெளிக் கதைகள் வரைந்தவரும் அவரேதான். தெரியாமல் படித்தபோதே "இந்தப் பாறையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று தோன்றியது.

#17 தபால்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன், காத்திருந்தோம். ஆனால் அப்போது வேறு வழியில்லை. இன்று முடிந்த தொடர் கண் முன்னால் இருக்கும்போது முடியாததைத் தூக்கி எதற்குக் கொடுக்க வேண்டும்? அதிலும் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிற ஆளுக்கு. ஒரு தடவை பாதியில் விட்டால் மறுபடியும் பரணுக்குத்தான் போவார்.

#18 ஒன்பதாம்பக்கம்

இது ஒன்றில் தபால்பெட்டி பக்கம்தான் நான். தேதி குறித்துக்கொள்ளுங்கள், இனி நடக்காது.

#19 குருவிரொட்டி

இத்தனை பேர் இத்தனை சொன்னீர்கள். கடைசியில் அண்ணன் டெக்ஸ் மறுபதிப்புதான் வாங்கப் போகிறார், பாருங்கள்.

#20 பரண்வாசி (கோவை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புளூட்டோ முதல் தொகுதியும் போன் முதல் தொகுதியும் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். போன் ஒழுங்காக வந்தது. புளூட்டோவுக்குப் பதில் அதன் மூன்றாம் தொகுதி வந்தது. மாற்றித் தரச் சொல்லி, சரியானது வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மூன்றாம் தொகுதி மேசை மேல் இருந்தது. பிரிக்கவில்லை. அட்டையை மட்டும் தினமும் எடுத்துப் பார்த்தேன்.

அதற்குள் போன் வீட்டைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் நான் சத்தமாகப் படித்து ராகத்தோடு தமிழில் சொன்னேன். இரண்டாம் நாள் "நீங்க மெதுவா படிக்கிறீங்கப்பா" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த எலிப் பிராணிகள் இரண்டும் மலைவிளிம்பில் போனைத் துரத்தும் இடம் இருக்கிறதே, அவன் ஒரு மெல்லிய கிளையில் தொங்கிக்கொண்டு, முட்டாள்தான் இந்தக் கிளையில் குதிப்பான் என்று சொல்கிறான், அடுத்த கட்டத்தில் இரண்டும் கிளை மேல் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அவள் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தார். இப்போது எங்கள் தெருவில் ஸ்கூட்டரில் மூன்று பேராகப் போகிறவர்கள் அனைவருக்கும் அந்த எலிகளின் பெயர்தான். டீச்சர், உங்களுக்குத் தனியாக நன்றி.

அப்புறம் புளூட்டோ வந்தது. மையுறிஞ்சி அவ்வளவு விளக்கிச் சொல்லியும் கை பழக்கத்தில் இடப்பக்கம்தான் திறந்தது. முதலில் கண்ணில் பட்டது கடைசிப் பக்கம். ஒரு பையன் நிற்கிறான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனாலும் இங்கே நீங்கள் அடித்துக்கொண்டது அவனுக்காகத்தான் என்று புரிந்துவிட்டது. மூடிவிட்டு ஒழுங்காகத் திருப்பிப் பிடித்துத் தொடங்கினேன். கேள்விக்கு முன்னால் பதிலைப் படிப்பது பத்துப் பக்கத்தில் சரியாகவில்லை, முப்பது பக்கம் ஆனது. ஸ்காட்லாந்துக் கோட்டை வந்தபோது எந்தப் பக்கம் படிக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

தபால்பெட்டி, ஒன்பதாம்பக்கம் சொன்ன அந்த வானம் வரும் இடத்தில் ரயில் அம்மா இருந்திருந்தால் என்னிடமும் அதையே கேட்டிருப்பார். ஆனால் கடைசிப் பக்கத்தில் அந்தப் பையனை நிஜமாகவே சந்தித்தபோது எனக்குச் சிலிர்க்கவில்லை. அது வெறும் பையன்தான் எனக்கு. அதனால் இருவருக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி.

குருவி, டெக்ஸும் ஒன்று வாங்கினேன். வழியில் கடை இருந்தது, என்ன செய்ய.

#21 தபால்பெட்டி

பாதி போதும். 'ஆஸ்ட்ரோ பாய்' ஒரு தொகுதி என்னிடம் உபரியாக இருக்கிறது, தனிச்செய்தியில் முகவரி கொடுங்கள், அனுப்புகிறேன். அதைப் படித்துவிட்டு அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள்.

#22 பரண்வாசி (கோவை)

அனுப்பியாயிற்று சார். இன்னொரு விஷயம், அந்தத் தவறாக வந்த மூன்றாம் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன் இல்லையா, இப்போது இரண்டை முடித்துவிட்டு மூன்றைத் தேடினால் எங்கேயும் ஸ்டாக் இல்லை. கோவையில் யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? அட்டை மடங்காமல் திருப்பித் தருவேன். கரையான் மருந்தும் அடித்துவிட்டேன்.